ராஜபிளவையும் சுடுகாட்டுக் கரையும்

ஐயாவு முதுகில் ராஜபிளவை வந்தது. செங்கொடிச் சங்கத்தின் கிளைச் செயலாளருக்குப் போயும் போயும் ராஜா பெயரில் ஒரு கட்டியா என்று தெருவே சிரித்தது. கட்டியை அறுத்த அன்று மயக்க மருந்து கொடுத்தார்கள், சுகமாகத் தூங்கினான். வினை மறுநாள் காலையில்தான் ஆரம்பித்தது. பள்ளத்துக்குள் திணித்திருந்த துணித் திரியை உருவி, கழுவி, புதுத் திரி வைக்க வேண்டும். தினப்படி வேலைக்கெல்லாம் மயக்க மருந்து கிடையாது. ரசியா பேகம் நர்சம்மா திரியின் நுனியைப் பிடித்து இழுத்தாரோ இல்லையோ, ஐயாவு போட்ட கூச்சலில் கும்பகோணம் சாலையில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

போன அறுவடைத் தகராறில் போலீஸ் லத்தியைத் தோளில் வாங்கிக்கொண்டு, "அவ்வளவுதானா?" என்று கேட்ட மனிதன் இவன்தான். அந்த ஒரு கேள்விக்காகவே சங்கத்தில் சேர்ந்தவர்கள் உண்டு. அவர்கள் யாரும் அன்றைக்கு ஆஸ்பத்திரியில் இல்லாதது கட்சி செய்த புண்ணியம்.

ஆனால் இருக்கக் கூடாத ஆள் இருந்தார். எதிர்க் கட்டிலில் மிராசுதார் சிங்காரவேலு. கழக ஆட்சியில் நில உச்சவரம்பைக் குறைத்த பிறகு, அவருடைய நிலமெல்லாம் பல பேர் பெயரில் சிதறிப் போயிருந்தது. மாமன், மச்சான், இன்னும் பிறக்காத பேரன் என்று ஒருவர் பாக்கியில்லை. அளக்க வந்த அதிகாரிகளை வேறு வயலுக்குத் திருப்பிவிட அவர் வரப்பில் ஓடியபோது வழுக்கி, வெட்டி விட்டிருந்த மூங்கில் முளைமேல் உட்கார்ந்துவிட்டார். முளை தொடையின் பின்பக்கம் ஏறிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனால் ரத்தம் தாங்காது என்று டாக்டர் இங்கேயே படுக்கப் போட்டுவிட்டார். இவனுக்கு முதுகில் புண், அவருக்குப் பின்தொடையில். இரண்டு பேரும் குப்புறத்தான் படுக்க முடியும். கண்ணைத் திறந்தால் இவன் முகத்தில் அவர், அவர் முகத்தில் இவன்.

"லத்திக்கு அசையாதவன், பஞ்சுக்கு அலர்றியேடா," என்றார் சிங்காரவேலு. அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை ஐயாவு அதற்கு முன் பார்த்ததில்லை. "சாயந்திர பஸ்ல நம்ம ஊருக்குச் சேதி போயிடும்."

ஐயாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஊருக்குச் சேதி போனால் போகட்டும். ஆனால் இவர் எதிரில் கத்தியதுதான் உறுத்தியது; சுடுகாட்டுக் கரை விஷயம் அப்போதுதான் சங்கத்துக்கும் இவருக்கும் இடையில் பேச்சுக்கு வந்திருந்தது. அவர்கள் தெருவிலிருந்து சுடுகாட்டுக்குப் போகிற வழி மிராசுதார் வயல் கரை. சங்கம் வந்த கோபத்தில் அவர் அதில் கருவேல முள்ளை வெட்டிப் போட்டு அடைத்துவிட்டார். போன ஐப்பசியில் ஐயாவின் தாய் காத்தாயி செத்தபோது, வாய்க்காலில் நெஞ்சளவு தண்ணீரில் இறங்கித்தான் பாடையைக் கொண்டுபோனார்கள். நடுவில் சேறு வழுக்கி, கால்மாட்டுப் பக்கம் தண்ணீரில் முங்கியது. அந்த மூலையைத் தூக்கியிருந்தவன் ஐயாவு. அன்றைக்கு அவன் அழவில்லை. செயலாளர் அழுதால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்?

"நாளைக்கு என் வாயிலேருந்து சத்தம் வராது," என்றான்.

"வராட்டி?"

"சுடுகாட்டுக் கரையைத் தெறந்து விடுங்க."

சிங்காரவேலு சிரித்தார். சிரிப்பு தொடையில் இழுத்ததும் முகம் கோணியது. "தெறந்து விடறேன்டா. சத்தம் வந்தா?"

"கரைப் பேச்சை நாங்க எடுக்க மாட்டோம்."

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று ஐயாவுக்கு உறைத்தது. அதற்குள் மூன்றாவது கட்டிலிலிருந்து ராஜகிரி வெற்றிலை வியாபாரி அப்துல் அஜீஸ், "நான் சாட்சி," என்று சொல்லிவிட்டார். மூலத்துக்கு வைத்தியம் பார்க்க வந்தவர் அவர். பொழுதுபோகாமல் தவித்துக்கொண்டிருந்தார்.

சாயந்திரம் மாத்திரை கொடுக்க வந்த ரசியா பேகத்திடம் ஐயாவு ரகசியமாக வழி கேட்டான். அந்த அம்மாள் தீக்காய வார்டில் தலை நரைத்தவர்.

"வலியோட சண்டை போடாதீங்க," என்றார்.

"சண்டை போடாம எதுங்கம்மா போவும்?"

"இதோ, இதான் உங்க வியாதி. பல்லைக் கடிச்சு, உடம்பை முறுக்கி, அதைத் தள்ளப் பாக்கறீங்க. அது மொறைச்சுக்கிட்டு நிக்கிது. சும்மா பாருங்க. எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுது, குத்துதா, எரியுதா? மூச்சு வருது, போவுது, அதையும் பாருங்க. அடுத்து என்ன செய்யப் போறாங்களோன்னு நெனைக்காதீங்க. இப்ப இருக்கறது இப்ப மட்டும்."

"வலிக்காதுங்களா?"

"வலிக்கும். பயம் மேல ஏறி உக்காராது. அவ்வளவுதான் நான் சொல்ல முடியும்."

ஐயாவுக்கு இது சமரசவாதமாகப் பட்டது. ஆனாலும் படுத்தபடி யோசித்தான். நெல் அறுப்பில் இறங்கினால் எதிர்க் கரையை நிமிர்ந்து பார்க்கக் கூடாது. பார்த்தால் இடுப்பு விட்டுப்போகும். கைக்குள் வந்த தாளை மட்டும் பார்க்க வேண்டும். அறுத்து வைத்ததும் அடுத்த பிடி. அந்த அம்மாள் சொல்வது அதுதான் என்றால், அதை அவன் மீசை முளைப்பதற்கு முன்பிருந்தே செய்துகொண்டிருக்கிறான்.

மறுநாள் காலையில் வார்டே கழுத்தை நீட்டிக்கொண்டு காத்திருந்தது. நர்சம்மா திரியை இழுத்தார். ஐயாவு கண்ணை மூடி மூச்சைப் பிடிக்காமல் விட்டான். ஒரு பிடி. எரிகிறது, தோள்பட்டைக்குக் கீழே, உள்ளங்கை அகலம், அதற்கு அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. அடுத்த பிடி. எதிர்க் கட்டிலிலிருந்து சிங்காரவேலு, "இன்னும் பாதித் திரி உள்ளதான்டா இருக்கு," என்று அன்பாக எடுத்துச் சொன்னார். ஐயாவு எதிர்க் கரையைப் பார்க்கவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் ஒழுகித் தலையணை நனைந்தது. சத்தம் வரவில்லை.

அப்துல் அஜீஸ் கட்டிலைத் தட்டித் தீர்ப்பு சொன்னார்.

"ஆஸ்பத்திரியில ஜுர வேகத்துல பேசுனதெல்லாம் ஒரு பேச்சாய்யா?" என்று சிங்காரவேலு தலையைத் திருப்பிக்கொண்டார். பிறக்காத பேரனுக்கு நிலம் எழுதியவருக்கு இதுவா பெரிய காரியம்? ஐயாவு தலையைத் தூக்கினான். அவன் வாயைத் திறப்பதற்குள் நர்சம்மா தட்டை எடுத்துக்கொண்டு எதிர்க் கட்டிலுக்குப் போய்விட்டார்.

மிராசுதாருக்கு அன்றுதான் முதல் முறையாகத் திரி உருவ வேண்டும். நர்சம்மா தொட்டவுடனேயே அவர் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டார். "இரும்மா, இரு. ஐயாவு, அதை எப்படிடா செஞ்சே?"

"எதைங்க?"

"வெளையாடாதேடா. சொல்லிக் குடு."

ஐயாவுக்குள் ஒரு குறும்பு எட்டிப்பார்த்தது. "மூச்சைப் பாருங்க. ஒரு மூச்சுக்கு ஒரு எட்டு. மெதுவா நடக்கறோம். உங்க வயல் கரையில நிக்கிறீங்க. முன்னால என்ன இருக்கு?"

நடையெல்லாம் நர்சம்மா சொல்லித் தந்த பாடத்தில் இல்லை. அவர் கண்ணாடிக்கு மேல் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரியை மெல்ல இழுத்தார்.

"முள்ளு," என்றார் சிங்காரவேலு, மூச்சு வாங்கிக்கொண்டே.

"யாரு போட்டது?"

"நான்தான்."

"அப்ப வாய்க்கால்ல எறங்குங்க. எறங்கிட்டீங்களா? தண்ணி எது வரைக்கும்?"

"இடுப்பு."

"ஐப்பசி மாசம். நெஞ்சு வரைக்கும் இருக்கும். மூச்சை விடுங்க. தோள்ல பாடை இருக்கு."

"யாருதுடா?"

"உங்க வயல்ல நாத்து நட்டவதான். காத்தாயி."

சொன்னதும் ஐயாவின் குரலிலிருந்து குறும்பு போய்விட்டது. அவன் நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. "காலுக்கு அடியில சேறு. அடுத்த எட்டு வைங்க. வழுக்குது. கால்மாட்டுப் பக்கம் எறங்குது. துணி நனையுது."

"புடிடா," என்றார் சிங்காரவேலு. கண் இறுக மூடியிருந்தது, நெற்றியெல்லாம் வேர்வை. "முங்க விடாதே. இதுல எப்படிடா தூக்கிட்டுப் போவீங்க? கரைமேல ஏறுங்கடா. முள்ளைத் தள்ளிட்டு எல்லாரும் கரைமேல ஏறுங்க."

நர்சம்மா முடிச்சுப் போட்டார். "ஆயிடுச்சுங்க. பத்தாததுக்கு ஊரையே சுத்திட்டு வந்துட்டீங்க."

அப்துல் அஜீஸ்கூடச் சாட்சி சொல்லவில்லை. சிங்காரவேலு கண்ணைத் திறந்து எதிர்க் கட்டிலைப் பார்த்தார். மறுநாள் பார்க்க வந்த, வயலைக் கவனிக்கும் காரியக்காரரிடம் முள்ளை அப்புறப்படுத்தச் சொன்னார். அதற்குக் காரணமாக, ஆடு மாடு காலில் குத்துகிறது என்றார்.

இரண்டு பேரையும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். மிராசுதாரின் வில்வண்டி குலுங்கும் என்று டாக்டர் தடுத்துவிட்டதால் அவரும் பஸ்ஸில்தான் வந்தார். உட்கார முடியாதவர் நின்றார், சாய முடியாதவன் பக்கத்தில் நின்றான். ஊர் எல்லையில் இறங்கியதும் சிங்காரவேலு, "கரை வழியாப் போவோம். நீ முன்னால நட," என்றார். "எனக்கு வலிச்சா நீ மூச்சு சொல்லணும்."

கரையில் முள் இல்லை. கீழே வாய்க்கால் ஓடிக்கொண்டிருந்தது. ஐயாவு ஒரு மூச்சுக்கு ஒரு எட்டாக நடந்தான். தாயின் பாடை முங்கிய இடத்துக்கு நேரே வந்ததும் கால் நின்றுவிட்டது. நெஞ்சில் வலித்தது. நர்சம்மா சொன்னபடி பார்த்தான். எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரிந்தது. எங்கே முடிகிறது என்று தெரியவில்லை.

அவன் வாய்விட்டுக் கதறினான். வாய்க்காலுக்கு அப்பால் நாற்று பறித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

பின்னால் நின்ற சிங்காரவேலு தொடையைப் பிடித்தபடி கிட்டே வந்தார். "என்னடா, இப்பக் கத்தற? மூச்சைப் பாக்கலையா?"

"பாத்தேங்க," என்றான் ஐயாவு. "இது கத்த வேண்டியதுங்க."