ஜான்சியின் வலது கை

2004 டிசம்பர் இருபத்தாறாம் தேதியிலிருந்து தேவனாம்பட்டினம் ஜான்சியின் வலது உள்ளங்கையில் கடல்நீர் சுரந்தது. நாளுக்கு ஒரு செம்பு. ஐப்பசியில் சற்றுக் கூடும். சுனாமி வந்தபோது அவளுக்குப் பதினெட்டு வயது. ஏழு வயதுத் தம்பி அன்பரசுவை அந்தக் கையில்தான் பிடித்துக்கொண்டு ஓடினாள். இரண்டாவது அலை அவனைக் கொண்டுபோயிற்று. டாக்டர்கள் நீரைச் சோதித்து, சுத்தமான கடல்நீர் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஊர் பழகிக்கொண்டது. கல்யாணமாயிற்று, சுவேதா பிறந்தாள். பிடித்தால் நழுவிவிடுவாள் என்று பயந்து, ஜான்சி மகளை அந்தக் கையால் ஒருமுறைகூடத் தொடவில்லை. இடது கையாலேயே குளிப்பாட்டினாள். ரிப்பனைப் பல்லில் கடித்துக்கொண்டு ஜடை பின்னினாள். தம்பி பெயரை மட்டும் சொன்னதே இல்லை; ஊரார் சொல்லித்தான் சுவேதாவுக்கு அது தெரியும்.

சுவேதா சிதம்பரத்தில் கல்லூரியில் சேர்ந்த பிறகு, மாலதி என்பவள் அந்த ஊரில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் சனிக்கிழமைதோறும் நடத்திய வகுப்புக்கு அம்மாவை அழைத்துப்போனாள். மனம் அடிபட்டவர்கள் அங்கே ஆழமாக மூச்சு விட்டார்கள், தரையை மிதித்து ஆடினார்கள், களிமண் பிசைந்தார்கள்.

"என்ன நடந்துச்சுன்னு இப்ப சொல்ல வேணாங்க்கா," என்றாள் மாலதி. "கால நல்லா அழுத்தி நில்லுங்க. அது போதும்."

ஆறாவது வாரம் ஜான்சியின் உடம்பு நடுங்கியது. மாலதி தடுக்கவில்லை. ஜன்னல் கண்ணாடிகள் இரண்டு மணி நேரம் கிலுகிலுத்து அடங்கின. ஒன்பதாவது வாரம், தன் கைநீரிலேயே மண்ணைக் குழைத்து ஒரு சிறுவனின் கையைச் செய்தாள். சுண்டுவிரல் நகத்தை முடித்ததும் அந்தக் கை அவள் விரல்களை இறுகப் பிடித்தது. பதினொரு நிமிடம் என்று மாலதி நோட்டில் குறித்தாள். பிறகு மண்விரல்கள் ஒவ்வொன்றாகத் தாமே தளர்ந்தன.

"ஒம் மாமன நான் வுடலடி," என்றாள் ஜான்சி மகளிடம். "தண்ணிதான் இழுத்துச்சு."

"அன்பரசு மாமாவையாம்மா?"

"ஆமா. அன்பரசு." சொல்லிவிட்டு, வாய்விட்டு அழுதாள்.

அன்று மண்டபத்துக்கு வெளியே மேலவீதியில் வண்டிகள் ஜாஸ்தி. ஜான்சி மகளின் கையை வலது கையால் பிடித்துச் சாலையைக் கடந்தாள். கடந்த பிறகும், பஸ் வரும்வரை விடவில்லை.

நீர் முழுதும் நிற்கவில்லை. வாரத்துக்கு ஒரு டம்ளர் என்று குறைந்தது. அவள் வகுப்பை விடாமல், புதிதாக வருகிறவர்களுக்கு மண் பிசைந்து கொடுத்தாள். தை மாதம் குமராட்சியிலிருந்து செல்லாயி வந்தாள். கொள்ளிடத்து வெள்ளம் வீட்டுக்குள் புகுந்த நாள் முதல் அவள் தரைக்கு ஒரு சாண் மேலேயே மிதந்துகொண்டிருந்தாள். ஜான்சி நகர்ந்து, பாயில் அவளுக்கு இடம் விட்டாள்.

"அவசரமில்லம்மா," என்றாள். "மெதுவா எறங்கு."