கொலுப்படி அருகே ஓர் உண்டியல்

கொலுப்படிக்குப் பக்கத்தில் உண்டியல் வைத்தே தீருவேன் என்று நான் சொன்னதும், என் கணவர் சுப்பராமன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கோபம் வந்தால் அப்படித்தான்.

"நல்ல நாளும் அதுவுமா, ஆத்துக்கு வரவா கண்ணுல கேன்சர்னு ஒரு போர்டு படணுமா?"

"படட்டும். நமக்கு போர்டு வெச்சுண்டா வந்தது?"

மார்பில் ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. மயிலாப்பூரில் எங்கள் தெரு முழுக்க அவர் டைஃபாய்டு என்று சொல்லி வைத்திருந்தார். முடி கொட்டியதற்கும் அது பொருந்தியது. எனக்குத்தான் பொய் அலுத்துவிட்டது. புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி என்று அட்டையில் எழுதி, கீழே என் கதையையும் சேர்த்தேன்: 'எனக்கு மார்பில் கட்டி வந்தது. வலிக்கவே இல்லை. அதனால் ஆறு மாதம் சும்மா இருந்துவிட்டேன். ஜலஜா.'

முதல் இரண்டு நாள் வந்தவர்கள் அட்டையைப் படித்தார்கள், படிக்காததுபோல் பொம்மைகளைப் பார்த்தார்கள், உண்டியலில் போட்டார்கள், சுண்டல் வாங்கிக்கொண்டு போனார்கள். ஒருத்தி மட்டும் டைஃபாய்டு முற்றினால் இப்படி ஆகுமா என்று கேட்டாள்.

மூன்றாம் நாள் வைதேகி வந்தாள். பின் தெருக்காரி. இருபது வருஷமாக என் கொலுவில் பாடாமல் போனதே இல்லை. அன்று அட்டையை இரண்டு முறை படித்தாள். நான் வெற்றிலை பாக்கு எடுத்துவருவதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

தாம்பூலம் வாங்காமல் போவது சாதாரண விஷயமா? ஒட்டிக்கொள்ளும் என்று பயந்துவிட்டாள். நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று தாம்பூலப் பையோடு கிளம்பினேன்.

கதவைத் திறந்தவளிடம் பையை நீட்டினேன். "இது தொத்து வியாதி இல்லைடி. தைரியமா வாங்கிக்கோ."

அவள் வாங்கவில்லை. என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"நிஜமாவே வலிக்கலையா, ஜலஜா?"

"இல்லை."

"எனக்கும் வலிக்கலை. சித்திரைலேருந்து இருக்கு. வலிக்காததுனால ஒண்ணும் இருக்காதுன்னு நினைச்சுண்டிருந்தேன்."

கோபம் போன இடம் தெரியவில்லை. பயமாக இருந்தது. எனக்கு கேன்சர் என்று டாக்டர் சொன்ன நாளில்கூட இவ்வளவு பயந்ததில்லை.

"நாளைக்குக் காலம்பற டாக்டர்கிட்ட போறோம்," என்றேன்.

"நவராத்திரி முடியட்டுமே. இப்போ சொன்னா ஆத்துல எல்லாரும் கலங்கிப் போயிடுவா."

"நானும் மார்கழி முடியட்டும்னுதான் சொன்னேன். அதுக்குள்ள அது அக்குள் வரைக்கும் போயிடுத்து."

இதை நான் அட்டையில் எழுதவில்லை. சுப்பராமனைத் தவிர யாரிடமும் சொன்னதும் இல்லை. வைதேகி என் கையை விடாமலே கூடத்துப் பக்கம் திரும்பி, "ஏன்னா, டிவியை அணைச்சுட்டு செத்த இங்க வாங்கோ," என்று கணவரைக் கூப்பிட்டாள்.