குவார்ட்ஸ் என்றால் கால் மணி

க்யூ எழுத்துப் பக்கங்களின் இரண்டாவது புரூஃப், பிழை திருத்த, அவள் மேஜைக்கு வந்தபோது மணி பதினொன்று. மாணவர்களுக்கான ஆங்கிலம் - தமிழ் கையகராதி. அச்சகத்தில் எல்லோரும் அவளை 'புரூஃப்பு' என்றுதான் கூப்பிடுவார்கள். சிவப்புப் பேனாவோடு பிறந்தவள் என்று முதலாளியே கிண்டலடிப்பார்.

பதினொன்று என்றால் போன் சிணுங்க வேண்டும். சிணுங்கியது.

தங்கையின் எண். இரண்டு வருடமாக, தங்கை கல்யாணமாகிப் போன நாளிலிருந்து, இந்த ஆட்டம் ஓடுகிறது. க்யூவும் இசட்டும் சேர்ந்து வருகிற ஆங்கில வார்த்தை ஒன்றை ஒருத்தி அனுப்ப வேண்டும். மற்றவள் தமிழில் அர்த்தம் சொல்ல வேண்டும். அப்படிப்பட்ட வார்த்தைகள் கொஞ்சம்தான். தீர்ந்தால் மறுபடி முதலிலிருந்து.

இன்றைய வார்த்தை, டிராங்குலைசர்.

'மனசை அடக்கித் தூங்க வைக்கிற மருந்து. உனக்கு எதுக்குடி அது? நீதான் பஸ்ல நின்னுக்கிட்டே தூங்குற ஆளாச்சே' என்று தட்டிவிட்டாள்.

'சரியான விடை' என்று பதில் வந்தது. அவ்வளவுதான்.

புரூஃப்பு புருவத்தைச் சுருக்கினாள். ஒன்று சொன்னால் ஒன்பது திருப்பித் தருகிற வாய் அது. தொண்டைப் புண் விரலுக்கும் பரவிவிட்டதா என்ன?

எட்டு நாளுக்கு முன்னால் தங்கை கடைசியாகப் பேசியபோது, "அக்கா, நான் அங்கயே வந்துடட்டுமா?" என்று கேட்டாள். "என்னடி ஆச்சு?" என்பதற்குள் லைன் கட்டானது. பத்து நிமிடத்தில் மெசேஜ் வந்தது: தொண்டையில் புண், டாக்டர் பேசக்கூடாது என்கிறார், தொற்றிக்கொள்ளும், யாரும் வர வேண்டாம். மாப்பிள்ளையும் கூப்பிட்டு அதையே தேனொழுகச் சொன்னார். மறுநாள் பதினொன்றுக்கு வழக்கம்போல வார்த்தை வந்ததும், அவள் மனசைத் தேற்றிக்கொண்டாள்.

கண் புரூஃபுக்குத் திரும்பியது. 'குவார்ட்ஸ்: படிகக்கல், ஒருவகைக் கனிமம்.'

சிரிப்பு வந்துவிட்டது. சின்ன வயதில் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தின் முகத்தில் அந்த வார்த்தை அச்சடித்திருக்கும். கடிகாரத்தில் இருப்பதாலும், 'குவார்ட்டர்' மாதிரி ஒலிப்பதாலும் அது கால் மணியைத்தான் குறிக்கும் என்று ஏழு வயதுத் தங்கை தானே முடிவு கட்டினாள். வகுப்பில் எழுந்து அதையே சொல்லி, மொத்த வகுப்பும் சிரிக்க, வீட்டுக்கு வந்து பையை வீசினாள். "டீச்சருக்குத்தான் தெரியல!" இருபத்தாறு வயதாகியும் இறங்கி வரவில்லை. சண்டை வேண்டாம் என்றுதான் ஆட்டத்தில் அந்த வார்த்தையையே சேர்க்கவில்லை.

இன்று சேர்த்தால் என்ன? சீண்டினால் நாலு வார்த்தையாவது திட்டுவாள்.

'குவார்ட்ஸ்' என்று அனுப்பினாள்.

ஒரே நிமிடம்.

'படிகக்கல். ஒருவகைக் கனிமம்.'

சிவப்புப் பேனா உருண்டு தரையில் விழுந்தது. எத்தனையோ ஆயிரம் பக்கம் பார்த்தவள். முதல் முறையாக, பிழையே இல்லாத ஒரு வரியில் அவளுக்குப் பிழை தெரிந்தது.

எட்டு நாளாக அவள் விளையாடியது தங்கையோடு அல்ல.

அப்படியானால் தங்கை எங்கே? டிராங்குலைசர் என்ற வார்த்தை மாப்பிள்ளைக்கு ஏன் தோன்றியது?

பக்கத்து மேஜையில் டைப் அடிப்பவளுக்குச் 'சூறாவளி' என்று பெயர். விஷயத்தைக் கேட்டதும் ஹெல்மெட்டை எடுத்தாள்.

"ஒரு கல்லுக்காகவா கிளம்பறோம்?"

"அவ செத்தாலும் கல்லுன்னு சொல்ல மாட்டா."

"அப்ப வண்டில ஏறு, புரூஃப்பு. இன்னிக்கு சிக்னல் எல்லாம் எனக்குப் பச்சைதான்."

மூன்றாவது மாடி. பெல்லை நாலு தடவை அடித்த பிறகு கதவு ஒரு சாண் திறந்தது. மாப்பிள்ளை. அவர் சட்டைப் பையில் தங்கையின் ரோஜா நிற போன் எட்டிப் பார்த்தது.

"அடடே, அக்காவா! ஒரு போன் பண்ணிட்டு வந்திருக்கலாமே. இப்பதான் மருந்து சாப்பிட்டுத் தூங்கறா."

"கால் மணி முன்னாடி எனக்கு மெசேஜ் அனுப்பினாளே, மாப்ளே?"

"அனுப்பிட்டுத்தான் படுத்தா."

"எழுப்ப மாட்டேன். மூஞ்சியப் பாத்துட்டுப் போயிடறேன்."

"தொத்திக்கும்க்கா. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

கதவு மூடப் பார்த்தது. சூறாவளி ஹெல்மெட்டை இடுக்கில் சொருகினாள். "மன்னிச்சுக்குங்க சார், எனக்குத் தாகம். தண்ணி கொடுங்க" என்று தோளால் ஒரு இடி. மாப்பிள்ளை இரண்டடி பின்வாங்கினார். புரூஃப்பு உள்ளே நுழைந்தாள்.

ஹால் துடைத்துவிட்ட மாதிரி சுத்தம். மேஜையில் பாதி காலியான மாத்திரை அட்டை. படுக்கையறைக் கதவில், வெளிப்பக்கம், புத்தம்புதுத் தாழ்ப்பாள். துளை போட்டபோது உதிர்ந்த மரத்தூள் இன்னும் தரையில் இருந்தது.

"அக்கா, அங்க போகாதீங்க!" மாப்பிள்ளையின் குரலில் இப்போது தேன் இல்லை.

அவள் நின்ற இடத்திலிருந்தே கத்தினாள். "ஏய், சுண்டெலி! குவார்ட்ஸ்னா என்னடி?"

பின்னால் சூறாவளி போனில் போலீஸுக்கு விலாசத்தை எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை அவள் கையைப் பார்ப்பதா இவளைப் பார்ப்பதா என்று திண்டாடினார்.

"குவார்ட்ஸ்னா என்னன்னு கேட்டேன்!"

கதவுக்குப் பின்னால் ஏதோ உரசியது. நாக்கு தடித்த, தூக்கத்தில் முங்கி எழுகிற குரல்.

"கா... கால் மணி..." மூச்சு வாங்கியது. "டீச்சருக்கு... தெரியல..."

புரூஃப்பு தாழ்ப்பாளில் கை வைத்தாள். கண்ணை நீர் மறைத்தது.

"உனக்கு ஒரு பாயின்ட்டுடி," என்றாள். "தூங்கிடாத. பேசிக்கிட்டே இரு. ஸ்க்வீஸ்னா என்ன? சொல்லு."

தாழ்ப்பாள் புதுசு, இறுகிக் கிடந்தது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்.