வைத்தியர் வீட்டுப் பத்தியம்

ஊரில் யாருக்கு வயிறு சரியில்லை என்றாலும் இந்த வாசலுக்குத்தான் வருவார்கள். வைத்தியருக்கே வயிறு சரியில்லை என்றால் எந்த வாசலுக்குப் போவது? இந்தக் கேள்வியை மனசுக்குள் கேட்டுக்கொள்ளக்கூட அவர் மனைவிக்குத் தைரியம் வரவில்லை. இத்தனைக்கும் அவள் ஒன்றும் பயந்தாங்கொள்ளி இல்லை. வைத்தியசாலைக்கு வருகிறவர்கள் அவளைக் கரண்டியக்கா என்பார்கள். மரத் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, வைத்தியர் உள்ளேயிருந்து சொல்லும் சூரணத்தைச் சின்னக் கரண்டியால் அள்ளிப் பொட்டலம் கட்டுவது அவள் வேலை. "இதையும் சாப்பிட்டு, மேல ஒரு தட்டு எண்ணெய்ப் பலகாரமும் தின்னா, மருந்து என்ன மந்திரமா போடும்?" என்று ஆளைப் பார்த்து ஒரு குத்துக் குத்திவிட்டுத்தான் பொட்டலத்தை நீட்டுவாள். அப்படிப்பட்டவள் சொந்த வீட்டு விஷயத்தில் வாயைத் தைத்துக்கொண்டாள்.

பாலில்தான் ஆரம்பித்தது. ஒரு நாள் காலையில் தம்ளரைத் தள்ளி வைத்தார்.

"பால் கனம். வயசாகுதில்ல, அக்கினி மந்தமாயிடுச்சு. கொஞ்ச நாளைக்கு வேண்டாம்."

சரி என்றாள். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? பாலையும் பழத்தையும் ஒன்றாக அடித்துக் குடித்து வயிறு பானையாய் ஊதிக்கொண்டு வந்த வங்கி அதிகாரியை, இரண்டையும் தனித்தனியே சாப்பிடச் சொல்லியே சரி பண்ணியவர் அவர். ராத்திரித் தயிரை நிறுத்தித் தையற்காரப் பெண்ணின் சளியை விரட்டியவர். "சாப்பாட்டுமேல பழி போடாதீங்க. செரிக்கற நெருப்பு ஆளுக்கு ஆள் வேற. சின்ன நெருப்புல பெரிய கட்டையைப் போட்டா அணையத்தான் செய்யும்" என்று ஒவ்வொருத்தரிடமும் அவர் சொல்வதைத் தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டுக் கேட்டு அவளுக்கே மனப்பாடம்.

பாலுக்குப் பிறகு ரொட்டி. அது வறட்சி, வாயுவைக் கிளப்பும் என்றார். அப்புறம் பருப்பு போனது. நாருள்ள காய்கள் போயின. புளிப்பு பித்தம் என்றார், அதையும் நிறுத்தினாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. ஒவ்வொரு காரணமும் அவர் படித்த படிப்பில் அச்சடித்தாற்போல் இருந்தது. வேறு வீட்டுப் பெண்ணாக இருந்தால், "என்னய்யா இது கூத்து, ஒழுங்கா சாப்பிடு" என்று சண்டை பிடித்து எப்போதோ விஷயத்தை வெளியே இழுத்திருப்பாள். இவளோ விவரம் தெரிந்தவள். அவர் காரணத்தைச் சொல்லி முடிப்பதற்குள் தலையாட்டிவிட்டு அடுப்படிக்குப் போனாள். விவரம் தெரிந்து என்ன வாழ்ந்தது!

பெரிய வியாதியிலிருந்து எழுந்தவர்களுக்கும், பேதிக்குக் கொடுத்து வயிற்றைச் சுத்தம் பண்ணியவர்களுக்கும் வைத்தியர் ஒரு முறை சொல்வார். முதலில் கஞ்சியின் தெளிந்த தண்ணீர். அடுத்து நாலு பருக்கை மிதக்கும் கஞ்சி. பிறகு கெட்டிக் கஞ்சி, பயறு வேக வைத்த சாறு, குழைந்த சோறு, கடைசியில் வீட்டுச் சாப்பாடு. "படி ஏறற மாதிரி ஏறணும். தாவக்கூடாது" என்பார். மழைக்காலம் தொடங்குமுன் ஒரு மத்தியானம் அவருக்காகக் கெட்டிக் கஞ்சியில் வெந்நீர் ஊற்றி இளக்கிக்கொண்டிருந்தபோது அவள் கை அப்படியே நின்றுவிட்டது. போன மாதம் சோறு. பிறகு குழைந்த சோறு. போன வாரம் கெட்டிக் கஞ்சி. இன்றைக்கு இதுவும் கெட்டியாம். எல்லோரையும் படி ஏற்றிவிட்ட மனுஷன் தான் மட்டும் இறங்கிக்கொண்டிருக்கிறார். கீழே இன்னும் ஒரு படிதான் இருக்கிறது.

அன்றிலிருந்து அவர் சாப்பிடுவதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். நேராகப் பார்க்கவில்லை, அடுப்பைத் துடைக்கிற சாக்கில், தண்ணீர் வைக்கிற சாக்கில். ஒரு கரண்டி வாயில் போடுவார். விழுங்குவார். தலை லேசாகச் சாயும். கை மார்பு எலும்பின் நடுவில் போய் நிற்கும். கண்ணில் நீர் கோக்கும். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டுக் காத்திருப்பார். பிறகுதான் அடுத்த கரண்டி. வயிற்றுக்குப் போய்ச் சேர்ந்தால்தானே செரிக்கிறதா, செரிக்கவில்லையா என்ற பேச்சு? பாலும் குற்றவாளி இல்லை, ரொட்டியும் இல்லை. எதுவுமே இறங்கவில்லை.

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அவர் ஓங்கரிப்பது கேட்கும். இடுப்பு பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை, ஆணியால் குத்தியது, கோணல்மாணலாக இருந்தது. கதவு திறந்தால் அவள் சோப்பு தேடுகிறவள்போல் அலமாரியைத் துழாவுவாள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நல்ல வெயில் இன்னிக்கு" என்பார். மழை தூறிக்கொண்டிருக்கும். ஒருவருக்கொருவர் காது குத்திக்கொண்டு அந்த வீட்டில் இரண்டு பேர் குடித்தனம் நடத்தினார்கள்.

ஒரு தடவை துணிந்து வாயைத் திறந்தாள்.

"ஏங்க..."

"என்ன?"

"ஒண்ணுமில்ல. உப்பு போதுமான்னு கேட்டேன்."

"போதும், போதும்."

கேட்டால் பதில் வந்துவிடும். அதுதான் அவள் பயம். கேட்காத வரைக்கும் அது மந்தம். சுக்குக்கும் சீரகத்துக்கும் அடங்குகிற வெறும் மந்தம்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு காலையில் லாரி டிரைவர் வந்தார். பழைய ஆள். உடம்பைப் பார்த்து எல்லோரும் மலை என்று கூப்பிடுவார்கள். இந்தத் தடவை சட்டை ஆளைவிட்டுத் தனியாகத் தொங்கியது. வந்தவர் கரண்டியக்காவிடம் வழக்கமான கேலி ஒன்றும் பேசாமல் நேராக உள்ளே போனார். தடுப்புக்கு அந்தப் பக்கம் பேசுவது முழுக்க இந்தப் பக்கம் கேட்கும்.

"சோறு இங்க வந்து நிக்குதுய்யா. தண்ணி குடிச்சாத்தான் நகருது."

"எப்பலேருந்து?"

"ரெண்டு மாசம் இருக்கும். முதல்ல ரொட்டிதான் ஒத்துக்கலன்னு விட்டேன். அப்புறம் சோறும் ஒத்துக்கல."

"எடை?"

"பாத்தாலே தெரியலையா?"

கரண்டியக்கா சூரணத்தில் கரண்டியைக் குத்தியபடி மூச்சு விடாமல் இருந்தாள். இப்போது அக்கினி மந்தம் என்பார். சுக்குப் பொடி சொல்வார். சொல்லிவிடட்டும், கடவுளே, மந்தம் என்றே சொல்லிவிடட்டும்.

"இதுக்கு என்கிட்ட மருந்து இல்ல," என்றார் வைத்தியர். "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. தொண்டை வழியா குழாய் விட்டுப் பாக்கணும். இன்னிக்கே போங்க."

"ஐயா, அதெல்லாம் வேணாம். ஏதாவது பத்தியம் சொல்லுங்க, வாயைக் கட்டிட்டு இருந்துக்கறேன்."

"பத்தியம் இருந்தா போறது இல்லய்யா இது!"

வைத்தியர் கத்தி அவள் கேட்டதே இல்லை. கையிலிருந்த கரண்டி பலகையில் விழுந்து பொடி சிதறியது. அந்தச் சத்தம் உள்ளேயும் கேட்டிருக்கும். அவள் கேட்டுவிட்டாள் என்பது அவருக்கும் தெரிந்துபோயிற்று.

டிரைவர் வெளியே வந்து தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவ்வளவு பெரிய மனுஷனின் முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, ஐயா பயமுறுத்தறாரு. நீங்களாவது ஒரு பொட்டலம் கட்டிக் குடுங்க. எதுவானாலும் சரி."

அவள் கை தானாகவே காகிதத்தை எடுத்தது. கொஞ்சம் சீரகம், கொஞ்சம் சுக்கு. கெடுதல் இல்லை. மனசுக்குத் தெம்பு. மனுஷன் தலையாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவான், அடுத்த மாதம் பாதியாகத் திரும்பி வருவான். இத்தனை நாளும் தான் அடுப்படியில் செய்துகொண்டிருந்தது இதைத்தானே என்று அவளுக்குச் சுரீரென்றது. காகிதத்தைக் கசக்கிப் போட்டாள்.

"மருந்து கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் போங்க அண்ணே."

"குழாய் விட்டா வலிக்குமாக்கா?"

அவளுக்கு என்ன தெரியும்? உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஏங்க, வலிக்குமான்னு கேக்கறாரு."

வைத்தியர் எழுந்து வரவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார். "வலிக்காது. தொண்டையில மரத்துப்போற மருந்து அடிப்பாங்க. வெறும் வயித்தோட போகணும், தண்ணிகூடக் குடிக்கக்கூடாது. மாடியில இடது பக்கம் கடைசி அறை. வெளியில நீலப் பெஞ்சு போட்டிருக்கும். அதுல ஒரு கால் ஆடும், பாத்து உக்காருங்க. கூப்பிடுவாங்க."

டிரைவர் தலையாட்டினார். கரண்டியக்காவால் தலையாட்ட முடியவில்லை. இந்த மனுஷன் தன் மாமனார் சீக்காய்க் கிடந்தபோதுகூட அந்த ஆஸ்பத்திரியில் காலெடுத்து வைத்தவர் இல்லை. பெஞ்சின் கால் ஆடுவது இவருக்கு எப்படித் தெரியும்?

அவள் எழுந்து உள்ளே போனாள். மேசைமேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு அவர் குனிந்திருந்தார்.

"எப்பப் போனீங்க?"

அவர் மேசையிலிருந்த மருந்துப் புட்டியைத் தள்ளி வைத்தார்.

"அந்தப் பெஞ்சுல எப்ப உக்காந்தீங்க?"

"மழைக்காலத்துல," என்றார். "மருந்துச் சரக்கு வாங்கப் போறேன்னு சொல்லிட்டுப் போனேனே, அன்னிக்கு."

"போயி?"

"கூப்பிட்டாங்க. எழுந்தேன்." அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "எழுந்து வீட்டுக்கு வந்துட்டேன். பயமா இருந்துச்சு. என்ன செய்யச் சொல்ற? ஊருக்கெல்லாம் சொல்றவன்தான். என்னால முடியல."

அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்த வழுக்கை மண்டையில் ஓங்கி ஒரு குட்டுக் குட்டலாமா என்றிருந்தது. அவரைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழவும் வேண்டும்போல் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. சுவரில் மாட்டியிருந்த அவருடைய மேல்சட்டையை எடுத்து அவர் மடியில் போட்டாள்.

"எழுந்திருங்க."

"வெளியில ஆளுங்க காத்திட்டிருக்காங்க. நாளைக்கு..."

"வெறும் வயித்தோட போகணும்னீங்கல்ல? நேத்து மத்தியானத்துலேருந்து உங்களுக்கு ஒரு மடக்குக்கூட இறங்கல. எழுந்திருங்க."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை. மெதுவாகச் சட்டையைப் போட்டுக்கொண்டார். பொத்தானை அவள்தான் போட்டுவிட்டாள். காத்திருந்தவர்களிடம், "இன்னிக்கு வைத்தியம் இல்ல, போயிட்டு வாங்க" என்றாள். ஏன் என்று கேட்க ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை.

டிரைவர் வாசலில் லாரிக்குப் பக்கத்தில் நின்றார். வண்டியை எடுக்கவில்லை. இவர்களைப் பார்த்ததும், "ஐயாவும் வரீங்களா?" என்றார், கூட்டத்தில் தொலைந்தவனுக்கு வீட்டு ஆள் கிடைத்த மாதிரி. மூன்று பேரும் முன்சீட்டில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

மாடியில், இடது பக்கம், கடைசி அறை. டிரைவர் காலையில் டீ குடித்திருந்ததால் நாளைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். "டீ என்னைக் காப்பாத்திடுச்சு," என்று சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. ஆனாலும் வீட்டுக்குப் போகாமல் கூடவே உட்கார்ந்துகொண்டார். அறைக்குள் ஏதோ ஒரு இயந்திரம் விட்டு விட்டு இரைந்தது. அந்தக் கதவு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கரண்டியக்கா நிமிர்ந்து பார்த்தாள். உள்ளே என்ன இருக்கும், என்ன சொல்வார்கள், சொன்ன பிறகு வீட்டுக்குப் போய் எதை அடுப்பில் வைப்பது, ஒன்றும் தெரியவில்லை. வைத்தியர் கை அவள் கைக்குள் இருந்தது. வேர்த்துச் சில்லிட்டிருந்தது. அவர் எழுந்து ஓடிவிடுவாரோ என்று அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எழுந்து ஓட வேண்டும்போல் இருந்தது அவளுக்கும்தான்.

ஒரு நர்ஸ் பெண் வெளியே வந்து பேனாவைத் திறந்தாள். "விழுங்கக் கஷ்டம் எப்பலேருந்து?"

"அது வந்து, முதல்ல அக்கினி மந்தமாத்தான்..." என்று ஆரம்பித்தார் வைத்தியர்.

"மழைக்கு முன்னாலேருந்து," என்றாள் அவர் மனைவி. "முதல்ல ரொட்டி. அப்புறம் சோறு. இப்பத் தண்ணியும்."

வைத்தியர் மெல்லத் திரும்பினார். "உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்பலேருந்தேவா?"

அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மழைக்கு முன்னால் அவள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அவர் அந்தப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்க மாட்டார். எழுந்தும் வந்திருக்க மாட்டார்.

"இத்தனை மாசம் ஏன் வரல?" என்றாள் நர்ஸ். திட்டவில்லை, எழுதிக்கொள்வதற்காகத்தான் கேட்டாள்.

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பயந்துட்டோம்மா," என்றாள் அவள். "ரெண்டு பேருமே."

நர்ஸ் அதை எழுதிக்கொள்ளவில்லை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "உள்ளே வாங்க ஐயா," என்றாள். அவர் எழுந்தார். கரண்டியக்கா அவர் கையை விட்டாள்.