வலிக்கும்போது சிரித்தவள்

செவந்திக்கு வயிற்றுவலி தொடங்கிய மூன்றாம் நாள் காலையில், மாமியார் அழகம்மாள் பூசாரிக்கு ஆள் அனுப்பினாள்.

கல்யாணமாகி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. பொன்னமராவதிக்குப் பக்கத்தில் சின்ன ஊர். கணவன் மலையாண்டி புதுக்கோட்டைக்குப் போய்வரும் பஸ்ஸில் கண்டக்டர். வந்த நாளிலிருந்து செவந்தி யாருக்கும் தெரியாமல் ஒரு பாடு பட்டுக்கொண்டிருந்தாள். யாராவது பேசினால் அவர்கள் புருவத்தைப் பார்ப்பாள். கண்ணைப் பார்த்தால் அவளுக்கு உடம்பெல்லாம் கூசும். மற்றவர்கள் சிரித்தால் தானும் சிரிப்பாள். என்ன செய்வதென்று தெரியாத இடத்திலும் சிரிப்பாள். பித்தளைப் பானை கல்லில் உரசும் சத்தம் பல்லின் வேர்வரை இறங்கும்போது கன்னத்தை உள்ளுக்குள் கடித்துக்கொள்வாள். தெருவில் அவளுக்குச் சிரிச்ச மொகக்காரி என்று பேர்.

எல்லாம் பயத்தில் பழகியது. பன்னிரண்டு வயதில், திருவிழாக் கொட்டுச் சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு அலறியவளைப் பேய் பிடித்திருக்கிறதென்று பேயோட்டும் கோடாங்கி முன்னால் உட்கார வைத்தார்கள். உடுக்கை காதோரம் அதிர்ந்தது. முடியைக் கையில் சுற்றிக்கொண்டு வேப்பங்குழையால் அடித்தார்கள். "போறியா? போறியா?" என்று கேட்டார்கள். போறேன் என்று அவள் சொன்ன பிறகுதான் விட்டார்கள். எங்கே போவதென்று அவளுக்குத் தெரியவில்லை. தன்னைத்தான் போகச் சொல்கிறார்கள் என்று மட்டும் புரிந்தது.

இப்போது வலி வந்த முதல் நாளே மாமியாரிடம் சொன்னாள்.

"அத்தை, வயிறு வலிக்குதுங்க."

அழகம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். மருமகள் சிரித்துக்கொண்டு நின்றாள்.

"வலிக்கிறவ மூஞ்சியாடி இது? நெல்லு குத்தணும்னதும் வந்துருச்சாக்கும்."

செவந்தி போய் நெல் குத்தினாள். மறுநாள் கொல்லையில் வாந்தியெடுத்து, அதன்மேல் மண்ணை அள்ளிப் போட்டு மூடினாள். மூன்றாம் நாள் முடியவில்லை. மாட்டுக்கொட்டகை மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, முன்னும் பின்னுமாக ஆடியபடி ஒரே சுரத்தில் முனகினாள். அப்படி ஆடினால் வலி கொஞ்சம் தள்ளி நிற்பதுபோல் இருந்தது. சாணி அள்ள வந்த அழகம்மாள் அதைப் பார்த்துவிட்டாள்.

"ஆத்தாடி! பேயை உள்ள வச்சுக்கிட்டு எத்தனை நாளா எங்களை ஏமாத்துன? அய்யாக்கண்ணு பூசாரி உச்சிக்குள்ள வந்துருவாரு. எதுவா இருந்தாலும் இன்னிக்கு எறங்கித்தான் ஆகணும்."

மலையாண்டியின் பஸ் பதினொன்று பத்துக்கு ஊர்ப் பாலத்தைக் கடக்கும். செவந்திக்குப் பஸ் நேரங்கள் எல்லாம் மனப்பாடம். அழகம்மாள் மஞ்சள் அரைக்க உள்ளே போனதும் கொல்லைப் படலைத் தள்ளிக்கொண்டு வெளியேறினாள்.

கண்மாய்க்கரை வழியே நடந்தாள். வலது காலை நீட்டி வைக்க முடியவில்லை. பின்னால் உடுக்கைச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை. நடந்தால் மறுபடியும் கேட்டது. அது நிஜமா, தலைக்குள்ளா என்று தெரியாமல், விழுந்தும் எழுந்தும் பாலத்துக்கு வந்துசேர்ந்தாள்.

பஸ் நின்றது. மலையாண்டி படியில் நின்றபடி அவளைப் பார்த்தான்.

"நீ எங்க இங்கிட்டு?"

"ஆஸ்பத்திரிக்குப் போகணுங்க. வயித்து வலி."

சொல்லிக்கொண்டே படியில் ஏறினாள். பஸ்ஸே அவளைப் பார்த்தது. அத்தனை முகங்களைக் கண்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்து ஒட்டிக்கொண்டது. மலையாண்டிக்கு அவமானத்தில் முகம் கறுத்தது.

"சிரிக்கிறா பாரு! எறங்குடி. வீட்டுக்குப் போ."

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவன் விரல்களைப் பிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

"விடுப்பா அந்தப் புள்ளைய. இங்க வந்து உக்காரட்டும்," என்றது ஒரு குரல். பெரியாஸ்பத்திரி நர்ஸ் இன்னாசியம்மாள், வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள். செவந்தியைப் பக்கத்தில் உட்கார வைத்து மணிக்கட்டைப் பிடித்தாள். கை சில்லிட்டு வேர்த்திருந்தது. சேலைக்கு மேலேயே அடிவயிற்றின் வலப்பக்கம் மெல்ல அமுக்கி, சட்டென்று கையை எடுத்தாள். செவந்தியின் உடம்பு தூக்கிப்போட்டது. முகம் மட்டும் அப்படியே சிரித்துக்கொண்டிருந்தது.

"எத்தனை நாளா?"

"மூணு."

"சிரிக்காத தாயி. எங்கிட்டச் சிரிக்க வேணாம்."

அப்படி ஒருவர் சொல்லி அவள் கேட்டதே இல்லை. சிரிப்பை எப்படி எடுப்பதென்று தெரியாமல் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். இன்னாசியம்மாள் மலையாண்டி பக்கம் திரும்பினாள்.

"குடல்வால் வீங்கியிருக்கு. ஒடைஞ்சா உசுருக்கு ஆபத்து. வழியில எங்கயும் நிக்காம விடச் சொல்லு."

மலையாண்டி நம்பாமல் மனைவியைப் பார்த்தான். பிறகு டிரைவரிடம் ஓடினான்.

ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சை நடக்கும்போதே குடல்வால் உடைந்துவிட்டது. ஒன்பது நாள் காய்ச்சலில் கிடந்து பிழைத்தாள். அழகம்மாள் வந்து திருநீறு பூசிவிட்டு, பேய்தான் வயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டதென்று பக்கத்துக் கட்டில்காரியிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

பத்தாம் நாள் மலையாண்டி கேட்டான்: "வலிக்குதுன்னு அன்னிக்கே ஏன் சொல்லலை?"

"சொன்னேன்."

"சிரிச்சுக்கிட்டே சொன்னா யாரு நம்புவா?"

செவந்தி அவனைப் பார்க்காமல், கட்டிலின் இரும்புக் காலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"சிரிக்கலைன்னா பூசாரியக் கூப்புடுவீங்க."

பிறகு பன்னிரண்டு வயதில் நடந்ததைச் சொன்னாள். அடுக்கிச் சொல்லத் தெரியவில்லை. உடுக்கையைச் சொன்னாள், முடியைச் சொன்னாள், மறுபடி உடுக்கைக்கே வந்தாள். யாரிடமும் அதுவரை சொன்னதில்லை. சொல்லச்சொல்ல, இப்போதே இவன் எழுந்துபோய்ப் பூசாரியைக் கூட்டிவந்துவிடுவான் என்று அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் எழுந்திருக்கவில்லை.

"அய்யாக்கண்ணு இனி நம்ம வாசலுக்கு வர மாட்டாரு. ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன்," என்றான்.

அதை நம்புவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. மாமியாரை நினைத்ததும் வயிற்றுத் தையல் சுண்டி இழுத்தது. அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. அவன் அதைக் கவனித்தான். ஏன் என்று கேட்கவில்லை.

"ட்ரிப்புக்கு நேரமாச்சு. சாயந்தரம் வாரேன்," என்று பையை எடுத்துக்கொண்டு போனான்.