இடுப்பில் மாட்டிய கொக்கி

ஒன்பதாவது மாடிச் சாரத்தில் நின்று வெளிச்சுவரைப் பூசிக்கொண்டிருந்த காத்தாடியின் காலடியில் பலகை சரிந்தது. கரண்டி முதலில் போனது. அது தரையில் விழுந்த சத்தம் வருவதற்குள் அவன் மீசையில் பாதி நரைத்துவிட்டது. மறுபாதி கொஞ்சம் தைரியசாலி.

கைக்கு அகப்பட்ட சாரக் குழாயை இரண்டு கைகளாலும் பிடித்துத் தொங்கினான். பாதுகாப்பு பெல்ட் இருக்கிறதே என்று குனிந்து பார்த்தான். கொக்கி குழாயில் இல்லை, அவன் இடுப்பு வளையத்திலேயே கிடந்தது. தன்னைத் தன்னோடே கட்டிக்கொண்டு நின்றிருக்கிறான்!

அந்த வித்தையைக் கற்றுக்கொடுத்தவர் மேஸ்திரி, அவன் அக்கா புருஷன். "சும்மா கழட்டி கழட்டி மாட்டிக்கிட்டிருந்தா கட்டடம் என்னைக்குடா முடியறது? இடுப்புலயே மாட்டிக்கோ. கீழேர்ந்து பாத்தா விசிலம்மாவுக்கு வித்தியாசமே தெரியாது."

விசிலம்மா அங்கே பாதுகாப்பு அதிகாரி.

ஜன்னல் வழியே மேஸ்திரியின் தலை எட்டிப் பார்த்தது. "டேய், கைய விட்டுடாதடா!"

"விடுறதுக்கா மாமா புடிச்சிருக்கேன்!"

விரல்களில் ஈரச் சாந்து. வழுக்கியது. கீழே விசில் அலறியது, கலவை இயந்திரம் நின்றது. அந்த அமைதியில் அவன் நெஞ்சு அடித்துக்கொண்டதைக் கேட்டு, யாரோ கல் உடைக்கிறார்கள் என்று பக்கத்துத் தெருவில் கதவைச் சாத்தினார்களாம்.

விசிலம்மா மூச்சிரைக்க ஓடிவந்தாள். வந்தவள் முதலில் தன் கொக்கியைத் தூணில் சுற்றிய கம்பிவடத்தில் மாட்டினாள்.

"அவன் தொங்குறான், நீங்க உங்களை மாட்டிக்கிட்டு நிக்கிறீங்களே!" என்று கத்தினார் மேஸ்திரி.

"நானும் போயிட்டா அவனை யாரு புடிப்பா? தள்ளுங்க."

ஒரு விரல் நழுவியது. இன்னொன்றும். கண்ணை மூடினான். இடுப்பில் 'க்ளக்' என்றது. விசிலம்மா எட்டித் தன் பெல்ட்டின் இரண்டாவது கொக்கியை அவன் இடுப்பு வளையத்தில் மாட்டிவிட்டாள்.

உள்ளே இழுத்தார்கள். மற்ற விரல்கள் குழாயை விடவில்லை. குழாயை இருபுறமும் அறுத்து அவனை உள்ளே எடுத்து, துண்டோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். அக்காதான் சோறு ஊட்டினாள், ஊட்டிக்கொண்டே புருஷனைப் பிடித்துக்கொண்டாள்: "என் தம்பியக் கொன்னுட்டு யாருக்குக் கட்டடம் கட்டுறீங்க?"

மேஸ்திரிக்கு அன்று சோறு இறங்கவில்லை.

விசிலம்மா வேலையை நிறுத்திவிட்டாள். பலகை ஒவ்வொன்றையும் கட்டி, சுவர் நெடுகக் கொக்கி ஓடுவதற்குக் கம்பிவடம் இழுத்தபிறகுதான் ஆட்களை ஏறவிட்டாள். "கெடு போச்சு" என்று முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார்.

காத்தாடி குழாய்த் துண்டோடு ஏறினான். மேஸ்திரியே அவன் கொக்கியை வடத்தில் மாட்டி, தன் பாரம் முழுவதையும் போட்டு இழுத்துப் பார்த்தார். 'க்ளக்' சத்தம் கேட்டதும்தான் விரல்கள் பிரிந்தன.

அதுவரை எல்லோரும் ஒரு கையால் சாரத்தைப் பிடித்துக்கொண்டு மறுகையால் பூசியவர்கள். இப்போது இரண்டு கையும் வேலைக்கு வந்தது. கெடுவுக்கு முன்பே சுவர் முடிந்தது.

"என்னடா, பயம் போச்சா?" என்றார் மேஸ்திரி.

"எங்க மாமா போகுது? அதையும் சேத்துத்தான் மாட்டியிருக்கேன்" என்று கொக்கியை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தான் காத்தாடி.