வண்டிக்கு அடியில் ஒரு கண்ணாடி

அமெரிக்காவின் மின்னசோட்டாவில் பள்ளிப் பேருந்து ஓட்டும் மார்லிஸ், காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போகும் 1961-ஆம் வருஷத்து டிரெய்லர் வீடு ஒன்றை வாங்கியபோது, அதன் அடிச்சட்டம் துருவேறி ஒடிந்திருந்தது. பழைய இரும்புக்குப் போடத்தான் லாயக்கு என்றார்கள் பார்த்தவர்கள். அவள் கேட்கவில்லை. வண்டியை ஜாக்கிகளில் தூக்கி நிறுத்திவிட்டு, இரண்டு கோடைக்காலம் அதன் அடியிலேயே கிடந்தாள். உளுத்த இரும்பை அறுத்தெடுத்துப் புதுச் சட்டம் வைத்து வெல்டிங் செய்தாள். அச்சையும் பட்டை ஸ்பிரிங்குகளையும் மாற்றினாள்.

ஏரிக்கரையில் பழைய டிரெய்லர்களின் கண்காட்சி வந்தது. மற்றவர்கள் திரைச்சீலையும் மெத்தையுமாக அலங்கரித்திருக்க, அவளுடைய வண்டிக்குள் வெறும் பலகைதான் இருந்தது.

"உள்ள ஒரு நாற்காலிகூட இல்ல. இதப் போய் காட்டப் போறியா? மானம் போகுதுடி," என்றாள் அக்கா வெர்னா.

"காட்ட வேண்டியது உள்ள இல்லக்கா," என்ற மார்லிஸ், ஆளுயர முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைத் தரையில் படுக்கவைத்து வண்டிக்கு அடியில் தள்ளினாள். புதுச் சட்டமும் அச்சும் அதில் பளிச்சென்று தெரிந்தன.

முதலில் ஒருவர் குனிந்தார். பிறகு பத்துப் பேர் கூடிவிட்டார்கள். லாரி மெக்கானிக் ஒருவர் மண்டியிட்டு, வெல்டிங் வைத்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"எந்தப் பட்டறைல செஞ்சீங்க? நூல் பிடிச்ச மாதிரி இருக்கே!"

மார்லிஸ் வாய் திறப்பதற்குள் வெர்னாதான் முந்திக்கொண்டாள்.

"பட்டறையாவது ஒண்ணாவது! எல்லாம் என் தங்கச்சி கைவேலை. நல்லா குனிஞ்சு பாருங்க சார்."

அன்று மாலைவரை போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டியது வெர்னாதான். பக்கத்தில் நின்று ஸ்பிரிங்கின் விவரம் சொல்லிக்கொண்டிருந்த மார்லிஸ், வாழ்நாளில் அத்தனை பெருமையாக நின்றதில்லை.